ஓட்டைவாய் இடத்தில் யார் உட்காருவது

1.
இந்தக் கதையை எழுதச் சொன்னவள் என் மனைவியின் தங்கை. வயது பதினைந்து. அவளுடைய தோழி தற்கொலை செய்துகொண்டாள். அதன்பிறகு இவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

"அவளைப் பத்தி ஒழுங்கா ஒரு கதை எழுதுங்க மாமா. அப்புறம் போறேன்."

நான் எழுதுவது வாஷிங் மெஷின் கையேடுகள். வீட்டில் எழுத்தாளன் என்று பெயர்.

2.
முதல் தொடக்கம்: "அவள் கண்களில் எப்போதும் ஒரு சோகம்…"

"யாரு கண்ணுல? என் டிபன் பாக்ஸைக் காலி பண்ணும்போதா?"

இரண்டாவது: "தேவதைபோல ஒரு…"

"மாமா, அவ பேரு ஓட்டைவாய். என் கணக்கு மார்க்கை, நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள எங்கம்மாகிட்ட சொன்னவ."

(இரண்டையும் அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.)

3.
கையேட்டில் ஓர் அட்டவணை உண்டு: பழுது, காரணம், தீர்வு. அந்தப் பழக்கத்தில் கதைக்கும் காரணம் தேடினேன். பரீட்சை என்றேன். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். காதல் என்றேன்.

"சீரியல் பாக்கறதை நிறுத்துங்க."

"அப்ப என்னதான் காரணம்?"

"தெரியாது. தெரியாதுன்னே எழுதுங்க."

[பக்கக் குறிப்பு: என் மனைவி இறந்ததற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவமனை அச்சடித்துக் கொடுத்தது. படித்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. அது வேறு கதை.]

4.
கதையில் கொழுந்தியை அழவைத்திருந்தேன். அந்த இடம் எனக்கே நம்பும்படி இல்லை. நிஜத்தில் அவள் கத்தினாள்.

"ஊர் விஷயமெல்லாம் சொல்லுவா. வாயே மூடாது. இதை மட்டும் எங்கிட்டகூட சொல்லல. எரும!"

எருமை என்று எழுதலாமா என்று கேட்டேன். போனவளைத் திட்டக் கூடாது என்பது என் மாமியார் போட்ட சட்டம்.

"நீங்க அக்காவைத் திட்டுனதே இல்லியா?"

திட்டியிருக்கிறேன். நேற்றுகூட. பீரோ சாவியை எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை.

எருமை இருக்கட்டும்.

5.
முடிவுகள்.

அ. வகுப்பில் தோழியின் இடம் காலி. ("அழுதுருவேன்.")

ஆ. வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ("அடிச்சிருவேன்.")

இ. பெஞ்சையே தூக்கிவிட்டார்கள். ("ஸ்கூல் மேல கேஸ் போடுவேன்.")

பிறகு மூன்றின் மேலும் அவளே கோடு போட்டாள்.

"நானே அவ எடத்துல உக்காந்தா?"

"அப்ப உன் எடத்துல?"

"அதை நீங்க எழுதாதீங்க. போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

6.
ஆகவே எழுதவில்லை. பள்ளி வாசலுக்கு எதிரே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு இதைக் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பின்சீட்டில் அவள். அவளுடைய ஹெல்மெட் என் முதுகில் இடிக்கிறது.

"வகுப்பு வரைக்கும் வரட்டுமா?"

"மானம் போயிரும். இங்கயே நில்லுங்க."

இறங்கினாள். நடந்தாள். திரும்பி வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி நடந்தாள்.

காவலாளி என்னை உள்ளே விடமாட்டார். வாசிக்கிற உங்களைத் தடுக்க அவரால் முடியாது. மாடி ஏறினால் இடப்பக்கம் முதல் வகுப்பறை. போய்ப் பாருங்கள். அவள் எங்கே உட்கார்ந்தாள் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

சாயங்காலம் அவளே சொல்லட்டும்.