மூன்று மாதத்தில் திறந்த தொட்டி

“அக்கா, எங்கடை கீரைப் பாத்தியை நீ வந்து பாக்கோணும். வல்லாரை ஒவ்வொண்டும் அப்பளம் மாதிரி விரிஞ்சு நிக்குது!”

செபமாலை சொல்லிச் சிரித்தபோது, மொன்றியலில் போனைக் காதில் வைத்திருந்த அல்போன்சம்மாவும் சிரித்தாள். அவளுக்குக் காலை ஏழரை, தம்பிக்கு மன்னாரில் பின்னேரம். விடிந்தால் ஊரில் அந்தோனியார் கோயில் பெருநாள். இந்த வருசம் கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் அவன்தான். அதனால் சுவாமியாரின் அறைவீட்டுப் போன் அவன் கையில்.

“என்ன பசளையடா போட்டனி?”

“வேறை என்ன? உங்கடை கக்கூசுப் பசளைதான்.”

அவள் சிரிப்பு நின்றது. “எந்தத் தொட்டியிலை எடுத்தது? மாசியிலை மூடினதோ?”

“ஓமோம். பெருநாளுக்கு ஊர் முழுக்கக் கூட்டி, சுண்ணாம்பு அடிக்கிறம். அந்த ஒரு அசிங்கத்தை மட்டும் மூடி வைச்சுக்கொண்டு பெருநாள் கொண்டாடுறதோ? போன மாதமே இருபத்திமூண்டு தொட்டியையும் வழிச்செடுத்துப் பாத்தியளுக்குப் போட்டாச்சு. மணம் ஒண்டுமில்லை, நல்ல கறுத்த மண். நீதானே சொன்னனி, மணம் போனால் மண் எண்டு.”

சொன்னவள் அவள்தான்.

சண்டை ஓய்ந்து ஊர்ச்சனம் திரும்பிப் போனபோது மலக்குழி வெட்டினார்கள். அங்கே இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர். மாரிக்குக் குழி நிரம்பிக் கிணற்றோடு கலந்தது. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சல் என்கிற டைஃபாய்டும் வீடு வீடாக நடந்தன, இரண்டு கைக்குழந்தைகள் போய்ச் சேர்ந்தன. பிறகுதான் மொன்றியலில் தன் பார்க் எக்ஸ்டென்ஷன் பங்குக்கோயில் சனத்திடம் காசு சேர்த்து, நிலத்துக்கு மேலே இரட்டைத் தொட்டி வைத்த உலர் கக்கூசு கட்டக் கொடுத்தாள். ஒரு தொட்டி நிரம்பினால் சாம்பல் போட்டு மூடிவிட்டு மற்றதைப் பாவிக்க வேண்டும். கீழ்வீட்டில் இருந்த கயல், தமிழ்நாட்டிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தில் இதையே படிக்கிற பிள்ளை, நாலு பக்கத்தில் விளக்கம் எழுதித் தந்தது. போன் கார்ட் முடியப்போகிற அவசரத்தில் அந்த நாலு பக்கத்தையும் ஒரே வசனமாக்கினாள் அல்போன்சம்மா.

“நாளைக்குப் பந்திக்கு அந்த வல்லாரையிலைதான் சம்பல்,” என்றான் தம்பி. “நானூறு பேருக்கு. பச்சையாய் அரிஞ்சு, தேங்காய்ப்பூ போட்டு...”

“டேய், அறைவீட்டை விட்டு அசையாதை. பத்து நிமிசத்திலை எடுக்கிறன்.”

பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்த புருசன் நீக்கிலாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். “என்னப்பா, ஆர் செத்தது?”

“இன்னும் ஒருத்தரும் சாகேல்லை,” என்றபடி அவள் படியிறங்கி ஓடினாள்.

வாயில் பிரஷோடு கதவைத் திறந்த கயல், கேட்கக் கேட்கக் கண்ணை அகல விரித்தாள். “ஐயோ ஆன்ட்டி! ஒரு வருஷமாவது மூடி வைக்கணும்னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தேனே!”

“எழுதினனீர் பிள்ளை. நான்தான் சொல்லேல்லை.”

“வாசனை போச்சுன்னா கிருமி போச்சுன்னு அர்த்தமில்ல. குடல்புழு முட்டை மூணு மாசத்துல சாகாது. அந்த ஊர்ல டைஃபாய்டு வேற இருந்திருக்கு. பச்சையா ஒரு இலைகூட சாப்பிடக் கூடாது. வேக வைச்சா பயமில்ல. பறிச்சவங்க, அரிஞ்சவங்க எல்லாரும் சோப்பு போட்டுக் கை கழுவணும். சரி, கிணறு எவ்வளவு தூரம்?”

“பாத்தியிலை இருந்து முப்பது அடி இருக்கும்.”

கயல் பிரஷை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். இருவரும் மேலே ஏறினார்கள்.

“உன்ரை சீவியத்திலை ஒருக்காத்தான் சுருக்கமாய்க் கதைச்சனி,” என்றார் விசயத்தைக் கேட்ட நீக்கிலாப்பிள்ளை. “அதுவும் இப்பிடி.”

“வாயை மூடுங்கோப்பா. அந்தக் கார்டைச் சுரண்டித் தாங்கோ.”

இலக்கங்களை மூன்றாம் தரம் அழுத்தியபோதுதான் அழைப்பு கிடைத்தது. அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“அக்கா, இதைச் சனத்துக்குச் சொல்லேலாது,” என்றான் செபமாலை.

“ஏன்?”

“உனக்குத் தெரியாதோ? பீயைத் தொட்டிக்கை வைச்சுக் காவல் காக்கிற ஊர் எண்டு பக்கத்து ஊரார் நக்கல். நீ சொன்னதாலைதான் எங்கடை ஆக்கள் சம்மதிச்சவை. அது நஞ்சு எண்டு இப்ப சொன்னால் விடியமுதல் இடிச்சுப்போட்டுப் பழையபடி பத்தைக்கை ஒதுங்கப் போவினம். வாற மாரிக்கு என்ன நடக்கும்? நான் சத்தமில்லாமல் வல்லாரையை வதக்கி வறையாக்கச் சொல்லுறன்.”

அல்போன்சம்மா கயலைப் பார்த்தாள். போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, போதாது என்று தலையை ஆட்டியது. “பந்தி மட்டும்னா பரவாயில்ல. இருபத்திமூணு வீட்லயும் பாத்தி இருக்கே ஆன்ட்டி. குழந்தைங்க வெறுங்கால்ல நடக்கும். கிணத்துத் தண்ணியையும் கொதிக்க வைக்கணும்.”

இடித்தால் மாரிக்குச் சாவு, சொல்லாவிட்டால் இப்போதே நோய். ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகத் துடைக்கிறவளுக்கு, காய்ச்சலில் கிடக்கிற குழந்தையின் உதடு எப்படி வெடிக்கும் என்று தெரியும்.

“தம்பி, கோயில் மைக் கட்டியாச்சோ?”

“பின்னேர வெஸ்பர் ஆராதனைக்குக் கட்டியாச்சு. ஏன்?”

“போய்ச் சொல்லு. தொட்டியிலை பிழையில்லை. ஒரு வருசம் மூடி வைக்கோணும் எண்டதை அல்போன்சம்மா சொல்லாமல் விட்டவள், பிழை அவளிலை. என்ரை பேரைச் சொல்லு.”

“அக்கா, உன்னை...”

“ஏசட்டும். போ.”

அவன் போனை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் ஒலிபெருக்கியின் கீச்சு. தம்பியின் குரல் துண்டு துண்டாக வந்தது. அவள் பெயர் இரண்டு தரம் கேட்டது. பிறகு ஒரே இரைச்சல், பெண்களின் குரல்தான் கூட. சிரிக்கிறார்களா கத்துகிறார்களா என்று பிடிபடவில்லை. நீக்கிலாப்பிள்ளை பாணைத் தின்னாமல் வைத்துவிட்டார்.

யாரோ மூச்சு வாங்கியபடி போனை எடுத்தார்கள்.

“மாமி, நான் றெபேக்கா, சிவநேசத்தின்ரை மனிசி. என்ரை சின்னவள் நேற்றே பச்சையாய்ச் சாப்பிட்டிட்டாள். இப்ப என்ன செய்ய?”

“எத்தினை வயசு? காய்ச்சல் இருக்கோ?”

“மூண்டு. காய்ச்சல் இல்லை.”

கயல் மெல்லச் சொல்ல, அல்போன்சம்மா ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள். “கொதிச்சு ஆறின தண்ணி குடு. நகத்தை ஒட்ட வெட்டு. காய்ச்சலோ வயித்தோட்டமோ கண்டால் உடனை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. ஒண்டும் இல்லையெண்டாலும் டொக்டரிட்டைக் காட்டி வயித்துப் பூச்சிக்கு மருந்து கேள். திருப்பிச் சொல்லு பாப்பம்.”

றெபேக்கா திருப்பிச் சொன்னாள். பின்னால் யாரோ, “தள்ளடி, நான் கதைக்கோணும்,” என்றார்கள்.

“மாமி, இங்கை வாசல்வரைக்கும் வரிசை நிக்குது,” என்றாள் றெபேக்கா.

“இடிக்கப் போகினமோ?”

“அது தெரியாது. எல்லாருக்கும் கேள்வி இருக்கு.”

வேலைக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் ஆறு நிமிசம். “கீழ்வீட்டுப் போனிலை ஆஸ்பத்திரிக்கு எடுத்து, நான் இண்டைக்கு வேலைக்கு வரேல்லை எண்டு சொல்லுங்கோ. அப்பிடியே மூலை டெப்பனர் கடைக்குப் போய் இன்னும் நாலு கார்ட் வாங்கிக்கொண்டு வாங்கோ,” என்று புருசனுக்குச் சைகையும் பேச்சுமாகச் சொல்லிவிட்டு, கயலின் நாலு பக்கத்தையும் மேசையில் விரித்து வைத்தாள்.

“ஓம், அடுத்தது ஆர்? கதையுங்கோ.”