பதினோராம் மாடிக்கு நேராக ஒரு சந்து

"வொன்சான்காரம்மா, இத்தனை வருஷமா ஒரே குழாயில தண்ணி புடிக்கிறோம். உங்க பேரு என்னன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"பேரச் சொன்னா மட்டும் கரிக்காரரே, ரெண்டு கட்டி கூடப் போடப் போறீங்களா? பேர எங்க வீட்டுக்காரர்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன். அவரு வந்து கூப்பிடட்டும்."

பூசான் நகரத்து மலைச்சரிவில் இந்தப் பேச்சு நடந்து அரை நூற்றாண்டு கழித்து, அடுக்குமாடி கட்டுவதற்காக மலையை வெட்டி லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சந்து மட்டும் போகவில்லை. படிக்கட்டு, குழாய், சுவரோரத்துக் கிம்ச்சி ஊறுகாய் ஜாடிகள் சகிதம் பழைய உயரத்திலேயே, பதினோராம் மாடிக்கு நேராக, ஆகாயத்தில் நின்றது. நகராட்சிக்காரர்கள் வந்து அளந்தார்கள். அதன் நிழல் விழும் இடத்தைச் சைக்கிள் நிறுத்த ஒதுக்கிவிட்டுப் போனார்கள்.

கொரியப் போர்க் காலத்தில் வடக்கிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் பெட்டிப் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய குடியிருப்பு அது. பெண்களை ஊர்ப் பெயரால் அழைப்பதுதான் வழக்கம். வொன்சான் துறைமுக நெரிசலில் கணவனின் கை நழுவிய பெண், வொன்சான்காரி ஆனாள். கூட்டத்துக்குள்ளிருந்து அவன் கத்தியதுதான் அவள் கடைசியாகக் கேட்ட தன் பெயர். தகரம் போய்ச் சிமெண்டுக் கூரை வந்தது, மண்ணெண்ணெய் விளக்கு போய் மின்சாரம் வந்தது. அவன் வரவில்லை. அந்தச் சந்துக்குக் கரி சுமந்து வந்த மான்சிக், வேறொருத்தியைக் கல்யாணம் செய்து, பிள்ளைகளை வளர்த்து, மனைவியை அடக்கம் செய்து, கிழவரும் ஆனார். மாலையானால் குழாயடிக்கு வருவதை மட்டும் விடவில்லை.

புது அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் அவளுக்கு வீடு கிடைத்தது; ஊர்ப் பெயரும் போயிற்று. வீட்டுக்கு வீடு பொருத்திய ஒலிபெருக்கி, "ஆயிரத்து நூற்று நாலாம் வீட்டார் ஆகாயத்தில் மிளகாய் காயப்போட வேண்டாம்" என்றது. அவள் கேட்டுக்கொண்டு, மறுநாளும் பால்கனிக் கம்பியைத் தாண்டிச் சந்தில் இறங்கி மிளகாயைப் பரப்பினாள்.

ஓர் இலையுதிர் கால மாலையில் மான்சிக் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு வந்தார்.

"என்ன ஆயிரத்து நூத்தி நாலம்மா, சாப்பிட்டாச்சா?"

அவள் சிரிக்கவில்லை. "நான் செத்தா அந்த நம்பரத்தான் கல்லுல வெட்டுவீங்களா?"

"வேற எதச் சொல்லிக் கூப்பிட? கேட்டப்ப வாயத் தொறந்தீங்களா?"

கிழங்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மெல்லத் தோலை உரித்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பதினோரு மாடிக்குக் கீழே பள்ளிப் பிள்ளைகள் வழக்கம்போல் அந்த இடத்தில் மட்டும் குடையை விரித்துக் கடந்து போனார்கள்.

"அவரு இனிமே வரமாட்டாரு" என்றாள். பிறகு, சந்து முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்:

"புன்னே. அதுதான் எம்பேரு. ஒரே ஒரு தடவ கூப்பிடுங்களேன்."