வலப்பக்கம் நகர்ந்த கோடு

ஆய்வுக் கூட்டத்தில், என்னோடு ஆராய்ச்சி செய்கிற அவள், அந்தப் படத்தைப் போட்டதும் எங்கள் வழிகாட்டி சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரு காந்த நட்சத்திரத்தின் நிறமாலை. அதில் கால்சியத்தின் கோடு, வெளிச்சம் குறைகிற அந்தப் பள்ளம், இருக்கவேண்டிய இடத்திலிருந்து மயிரிழை வலப்பக்கம் தள்ளி நின்றது.

“இரும்பெல்லாம் அதது இடத்துலதான் சார் இருக்கு. இது மட்டும் நகந்திருக்கு. சாதா கால்சியம் நாப்பது, இது கனமான கால்சியம், நாப்பத்தெட்டு,” என்றாள், வீட்டில் யாரோ வந்திருப்பதைச் சொல்வதுபோல.

அந்த நட்சத்திரத்தின் காந்தம் மேல்காற்றைக் கலங்கவிடாது. தனிமங்கள் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். கனமான கால்சியம் அடியில்தானே கிடக்கவேண்டும்? இல்லை. வெளிச்சம் எதைத் தள்ளிவிடுகிறதோ அதுதான் மேலே போகும். அவளுடைய அம்மா பேராசிரியர். என் அப்பா காவலாளி. இதற்குமேல் விளக்க எனக்குப் பொறுமையில்லை.

வயிறு எரிந்ததற்குக் காரணம் அதுகூட இல்லை. போன வருடம் இதே நட்சத்திரத்தில், இதே கோட்டில், இதே நகர்வை நான் பார்த்தேன். என் பிழை என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் முதல் கேள்வி, யார் தொட்டது. யாருக்கும் தெரியாமல் ஓர் எண்ணைக் கழித்து, கோட்டை அதன் இடத்திலேயே கொண்டுவந்து உட்காரவைத்தேன். சார்கூட “நீட்டா இருக்கும்மா” என்றார்.

கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

“ஏய், போன வருஷம் நீயும் இதே நட்சத்திரத்தத்தானடி பாத்த? உன் டேட்டாவக் குடு. அதுலயும் இதே எடத்துல நின்னா ஒருத்தரும் வாய் தொறக்க முடியாது.”

“அதுல நிக்கல. நான் நகத்திட்டேன்.”

“எத?”

“கோட்ட.”

சிரிப்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“லூசாடி நீ? சார்ட்ட சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லி, என் தப்புன்னு ஆயிருந்தா?”

“ஆனா என்ன? நாலு திட்டு திட்டுவாரு.”

அந்த ‘ஆனா என்ன’தான். இதை வைத்து வரப்போகும் கட்டுரையை அவளே வைத்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு சொல்லை எங்கள் வீட்டில் எனக்குக் கொடுத்திருந்தால் போன வருடமே அவள் நின்ற இடத்தில் நான் நின்றிருப்பேன்.

“பழசு இருக்கா, அழிச்சிட்டியா?” என்றாள். கையில் பென்டிரைவ்.

அழித்துவிட்டேன் என்றால் அவளுடைய ஓர் இரவுப் பதிவு தனியாக நிற்கும். ஆளாளுக்குக் கருவிக் கோளாறு என்பார்கள். கொடுத்தால் அவளுடையது உறுதியாகும், என் பெயர் அவள் கட்டுரையில் கடைசிப் பெயராக ஒட்டிக்கொள்ளும்.

“பாக்கறேன்,” என்றேன்.

கோப்பைத் திறந்து, நான் கழித்த எண்ணை நீக்கினேன். எனக்கு மட்டும் தெரிகிற திரையில் பள்ளம் மெல்ல வலப்பக்கம் போய், அவள் காட்டிய அதே இடத்தில் நின்றது. மேசைக்கு அந்தப் பக்கம் அவள் கை பென்டிரைவோடு நீண்டபடியே இருந்தது.