பெரிய கதவு

அப்பாவின் தாடையை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ மைக்கில் மணமக்களை வாழ்த்த ஆரம்பித்தார்கள். மகளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு முடிச்சை இறுக்கினாள்.

நகர மண்டபத்து மேடைக்குப் பின்னால் இருந்த அறைதான் காவலாளியான அப்பாவின் வீடு. ஒரு காலத்தில் ஊர்ச்சபை கூடிய மண்டபம். பிறகு கொஞ்ச வருஷம் கோர்ட். வெள்ளம் வந்தபோது பாதி ஊர் அங்கேதான் படுத்துத் தூங்கியது. இப்போது வார நாளில் தையல் வகுப்பு, லீவு நாளில் கல்யாணம். எல்லோருக்கும் பெரிய கதவைத் திறந்துவிட்ட அப்பா, பக்கத்துச் சந்து வழியாகத்தான் போய்வருவார். “அது வர்றவங்களுக்கான கதவு” என்பார்.

அந்தச் சந்தில் போன வருஷம் தண்ணீர்த் தொட்டி கட்டிவிட்டார்கள். ஒருக்களித்து நடந்தால் ஆள் போகலாம். படுத்துக்கொண்டு போகிறவர்களின் ஞாபகம் கட்டியவர்களுக்கு வரவில்லை.

“வண்டி வந்திடுச்சுக்கா. மண்டபம் வழியாத்தான் தூக்கணும்,” என்றான் தம்பி.

“காத்திருக்கச் சொல்லு. நல்ல காரியத்துக்கு நடுவுல தூக்கிட்டுப் போனா அப்பாவே எந்திரிச்சுத் திட்டுவாரு.”

தம்பிக்குச் சிரிப்பு வந்து, அதுவே அழுகையாகிவிட்டது. அவன் வாயைப் பொத்தினாள். அவளுக்கும் வாய்விட்டு அழவேண்டும் போலத்தான் இருந்தது.

மேடைப்பக்கக் கதவு தட்டப்பட்டது. கல்யாணப் பெண்ணின் அப்பா வியர்த்துப்போய் நின்றார்.

“ஃபேன் சுத்தலம்மா. பெரியவரக் கொஞ்சம் வரச்சொல்லேன்.”

“நானே வர்றேன் சார்.” வாசலை மறைத்துக்கொண்டாள். அதற்குள் அவர் கண் கட்டிலுக்குப் போய்விட்டது.

“எப்போ?”

“விடியக்காலைல. யாருக்கும் சொல்லாதீங்க. எல்லாரும் கிளம்பினப்புறம் நாங்க பாத்துக்கறோம்.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் மைக் நின்றது. நாற்காலிகள் இழுபட்டன. விருந்தாளிகள் எழுந்து போகிறார்கள், நல்ல நாளைக் கெடுத்துவிட்டோம் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்கக் கதவைத் திறந்தாள்.

யாரும் போகவில்லை. நாற்காலிகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் வழிவிட்டு நின்றிருந்தார்கள்.

“பத்து நிமிஷத்துல ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது,” என்றார் பெண்ணின் அப்பா. “என் கல்யாணத்துக்கும் அவர்தாம்மா கதவு திறந்துவிட்டாரு.”

தம்பியும் மூன்று விருந்தாளிகளும் அப்பாவைத் தூக்கிக்கொண்டார்கள். பெரிய கதவின் ஒரு பாதி தானாகச் சாத்திக்கொள்ளும்; அப்பா முதுகு கொடுத்து நிறுத்துவார். இன்று அங்கே மாப்பிள்ளை, புதுச்சட்டையைப் பற்றிக் கவலைப்படாமல், முதுகு கொடுத்து நின்றிருந்தான்.

கடைசியாக வெளியே வந்த மகள், பழக்கத்தில் கதவைச் சாத்தக் கை நீட்டினாள்.

“நான் பிடிச்சிருக்கேன்க்கா,” என்றான் மாப்பிள்ளை. “நீங்க போங்க.”