முந்நூறு மடங்கு

குணபூசணி சிறிய வெள்ளைப் பலகையில் எழுதிக் கணவரின் முன் நீட்டினார்: "என் குரல் உங்ககிட்ட எங்கயாச்சும் இருக்கா?"

புற்றுநோய்க்காகக் குணபூசணியின் குரல்வளையை எடுத்து ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. கிருபானந்தன் சிரித்தார். அன்றாட ஓசைகளைப் பதிவு செய்து, கணினியில் வெட்டியும் நீட்டியும் இசையாக்குவதே அவர் தொழில். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறை முழுவதும் முப்பது ஆண்டுப் பதிவுகள் இருந்தன.

"இல்லாம போகுமா பூசணி?" என்றார்.

மூன்று நாள் தேடினார். கிள்ளானுக்குப் போகும் ரயில் இருந்தது. தகரக் கூரையின் மழை இருந்தது. காஜாங்கில் சாத்தே இறைச்சிக் குச்சிகள் சுடும் கரியின் சடசடப்பும் பழுதான லிஃப்டின் முனகலும் இருந்தன. மனைவியின் குரல் இல்லை. பதிவின் நடுவே குணபூசணி பேசிவிட்டால், அதை அழுக்கென்று அன்றே வெட்டியெறிவது அவர் வழக்கம். அந்தச் சுத்தத்தில் அவருக்கு மிகுந்த பெருமையும் இருந்தது. வெட்டிய இடங்கள் சிலவற்றில், பேசத் தொடங்கும் முன் உள்ளிழுக்கும் மூச்சு மட்டும் மிஞ்சியிருந்தது.

சுபாங் ஜெயாவிலிருந்து வந்த மகன் பிரவினிடமும் ஒன்றுமில்லை. அம்மா எப்போதும் எழுதித்தான் செய்தி அனுப்புவார். கல்யாண வீடியோவிலோ நாதஸ்வரம் மட்டுமே கேட்டது.

"லிஃப்ட் சத்தம்கூட வச்சிருக்கீங்க, அம்மா சத்தம் இல்லியா? என்னாப்பா நீங்க!"

"அப்போ அது டிஸ்டர்பா இருந்துச்சுடா."

ஊரெல்லாம் பளபளப்பானவற்றைப் பொறுக்கி வந்த காகம் ஒன்று, கூட்டில் இடம் போதவில்லையென்று தன் முட்டையை வெளியே தள்ளிவிட்டதாம். பிரவின் சிறுவனாக இருந்தபோது கிருபானந்தன் சொன்ன கதை அது. இருவருக்கும் இப்போது அது நினைவுக்கு வந்தது.

நான்காம் நாள் காலை குணபூசணி பலகையோடு வந்தார். "விடுங்க. பசியாற வாங்க."

எழப்போனவரின் கை, பழைய குறிப்பேட்டின் ஒரு பக்கத்தில் நின்றது. 'மழைக்கு முன்: பூசணி, 300.'

அவரை முதன்முதலில் வெளிநாட்டு அரங்குகளுக்கு அழைத்துச் சென்ற பத்து நிமிடப் படைப்பு அது. ஒரே நீண்ட ரீங்காரம். கேட்டவர்கள் கடல் என்றார்கள், கோயில் மணி என்றார்கள். நாளடைவில் அவரும் அப்படியே நம்பிவிட்டார். ஆனால் அன்று மழைக்காக மைக்கை வைத்தபோது குணபூசணி குறுக்கே வந்து ஏதோ கேட்டதையும், வெட்டிய துண்டை எறியாமல் விளையாட்டாக முந்நூறு மடங்கு நீட்டிப் பார்த்ததையும் இப்போது அந்த எழுத்து சொல்லிற்று.

படைப்பு முழுவதையும் அதே முந்நூறு மடங்கு சுருக்கினார். பத்து நிமிடம் இரண்டு விநாடியாயிற்று. பொத்தானை அழுத்தினார்.

தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல், ஆனால் சந்தேகமில்லாமல், முப்பது வயதுக் குணபூசணி கேட்டார்:

"எத்தன தடவ கூப்புடுறது, காதுல விழலயா?"



"விழுந்துச்சு பூசணி," என்றார் கிருபானந்தன்.

குணபூசணியின் ஒரு கை கழுத்துக் கட்டின் மேல் போயிற்று. மறுகையின் ஒரு விரலை உயர்த்தினார்: இன்னொரு தடவை. அப்போது கீழே கிள்ளான் ரயில் வந்தது, சன்னல்கள் அதிர்ந்தன. கிருபானந்தன் பொத்தானின் மேல் விரலை வைத்தபடி, அது கடந்து போகட்டும் என்று காத்திருந்தார். உயர்த்திய விரலை இறக்காமல் குணபூசணியும் காத்திருந்தார்.