கடைசி பெஞ்சில் ஒரு பிரசங்கியார்

பெரிய சபையிலிருந்து பிரசங்கத்துக்கு அழைப்பு வந்ததிலிருந்து போதகருக்குத் தலைகால் புரியவில்லை. காலமெல்லாம் சின்னச் சபையில் மின்விசிறிச் சத்தத்தோடு மல்லுக்கட்டியவர். இங்கே ஒரு தடவை நன்றாகப் பேசிவிட்டால் போதும், அப்புறம் மாநாட்டு மேடைதான். கொடுத்த தலைப்பு தாழ்மை. அந்த விஷயத்தில் தன்னை அடிக்க ஆளில்லை என்பது அவருடைய தாழ்மையான அபிப்பிராயம்.

பேசினால் போதுமா, செய்து காட்ட வேண்டாமா? விருந்துக்குப் போனால் கடைசி இடத்தில் உட்கார், அழைத்தவனே முன்னுக்குக் கூப்பிடுவான் என்று இயேசு சொன்னதைத்தான் எடுத்திருந்தார். அதனால் அங்கியைப் பையில் திணித்துவிட்டு, கசங்கிய சட்டையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சபைத் தலைவர் ஓடி வந்து, "ஐயா, நீங்க போய் இங்கயா?" என்று பதறிக் கையைப் பிடிக்க வேண்டும். சபையே திரும்பிப் பார்க்க வேண்டும். தலைவரோடு போனில்தான் பேசியிருக்கிறோம், நம் முகம் அங்கே யாருக்கும் தெரியாது என்பது மட்டும் அவர் புத்திக்கு எட்டவில்லை.

கடைசி பெஞ்ச் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கானது. பக்கத்திலிருந்த பெண், "அண்ணே, கொஞ்சம் பிடிங்க, பாட்டிலைக் கழுவிட்டு வந்துடறேன்" என்று தூங்குகிற குழந்தையை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

"இப்போது நம் விருந்தினர் வந்து தேவசெய்தி கொடுப்பார்" என்றார் தலைவர்.

மனைவி முழங்கையால் இடித்தாள். "கூப்பிடறாங்க, போங்க."

"இரு. கூப்பிட்ட உடனே ஓடினா அது தாழ்மையா? தேடி வரட்டும்."

"வந்தா சரி."

தலைவர் வாசலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்வை கடைசி பெஞ்சுக்கு வந்தபோது போதகர் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார்.

"சரி, அவரால வர முடியல போல. இன்னைக்குப் பிரசங்கம் இல்லை. ஜெபம் பண்ணி முடிச்சுக்கலாம்."

சபையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தன் பிரசங்கம் எதற்கும் அப்படி ஒரு வெளிச்சம் வந்து போதகர் பார்த்ததில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டது, உடைத்ததும் அவரேதான். இப்போது எழுந்தால், இவ்வளவு நேரம் ஏன் எழவில்லை என்று சொல்லியாக வேண்டும். அதற்கு அவருக்குத் தைரியம் இல்லை.

தலைவர் கண்ணை மூடினார். "கர்த்தாவே, வர முடியாமற்போன எங்கள் போதகரை நினைத்தருளும். அவருக்கு முன்னால் எந்தத் தடை நின்றாலும் அதை நீக்கிப்போடும்."

மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு சபைக்கே கேட்கும்படி ஆமென் சொன்னாள்.

போதகருக்கு வெட்கத்தில் காது சுட்டது. கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. குழந்தை விழித்துவிடாதபடி, அவரும் மெதுவாக ஆமென் சொன்னார்.