இருக்கை ஆறட்டும்

எவெல்யோ பிறந்து வளர்ந்த மகாங்கே படகுத்துறையில் நிழலில் நின்றாலே வேர்த்துக் கொட்டும். மலைமேல் இருக்கும் தலைநகர் பொகோட்டாவில் இறங்கியதும் பல் கிடுகிடுத்தது, மழை வேறு. மாப்பிள்ளைக் களை தெரிய வேண்டுமென்று மெல்லிய வெள்ளைச் சட்டையில் வந்தது அவன் தப்புதான். ஊரே கறுப்புக் கோட்டில் நடந்தது. சாவு எந்த வீட்டில் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டான்.

வாயை அடக்கச் சொல்லித்தான் அவன் கட்டிக்கொள்ள இருந்த ஹிமேனா போனில் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். கடலோரச் சீமைக்காரர்கள் கத்திப் பேசுகிறவர்கள், கூச்சநாச்சம் இல்லாதவர்கள் என்பது அவள் அம்மா ரோசால்பாவின் தீர்மானம். அந்த அம்மாள் தலையாட்டினால்தான் கல்யாணம். ஹிமேனாவுக்கு லீவு கிடைக்காததால், அவனை அழைத்துப்போக வந்ததே அந்த அம்மாள்தான்.

டவுன் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு தடியர் எழுந்து இறங்கினார். ரோசால்பா அந்த இடத்தை மறித்து நின்றுகொண்டாரே தவிர, உட்காரவில்லை. எவெல்யோ உட்காரச் சொன்னான்.

“கொஞ்சம் ஆறட்டும் தம்பி,” என்றார் அவர், உதடு அசையாமல்.

அடுத்தவர் உட்கார்ந்த சூடு நம் உடம்பில் ஏறினால் ஆகாது. பொகோட்டாவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்ப்பதோடு சரி. இதை எவெல்யோவுக்கு யார் சொல்வது? ஆறத்தானே வேண்டும் என்று ஓலைத் தொப்பியைக் கழற்றி இருக்கையை விசிறத் தொடங்கினான். சோளம் சுடுகிறவன்கூட அப்படி விசிறமாட்டான். கடைசியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

“ஆறிப்போச்சும்மா, பயப்படாம உட்காருங்க,” என்றான், படகுத்துறைக் குரலில்.

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ரோசால்பா முகம் சிவக்க உட்கார்ந்தார். கல்யாணம் போச்சு என்று நினைத்துக்கொண்டான். பின்னால் ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். இங்கேயும் ஒரு இடம் காலி, சிரமமில்லாவிட்டால் கொஞ்சம் விசிற முடியுமா என்று வெகு மரியாதையாகக் கேட்டார். எவெல்யோவுக்கு மாட்டேன் என்று சொல்லி வழக்கமில்லை. அடுத்து ஒரு அம்மாள் கூப்பிட்டாள். சிரிக்கவே தெரியாது என்று அவன் நினைத்திருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ரோசால்பா மட்டும் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவன் திரும்பி வந்தபோது அவருக்குப் பக்கத்து இடம் அப்போதுதான் காலியானது. இனியாவது ஒழுங்காக நடந்துகொள்வோம் என்று கம்பியைப் பிடித்தபடி, வெளியே பார்த்துக்கொண்டு, இருக்கை ஆறக் காத்திருந்தான். நிற்க முடியாமல் குளிரில் உடம்பு உதறியது.

ரோசால்பா அவனுடைய நனைந்த சட்டையைப் பார்த்தார். நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தார். அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஆயுளில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

“சூடு ஆறுறதுக்குள்ள உட்காருங்க, மாப்பிள்ளே.”